எச்டி வீடியோவை டிவிடிக்குள் இறக்க: எஃப்எஃப்எம்பெக் + டிவிடிஸ்டைலர்

யாழ்ப்பாணத்தில் அம்மம்மா இன்னும் டிவிடியில்தான் எங்கள் வீடியோக்களைப் பார்க்கிறார். இணைப்பை அனுப்பினால் யாராவது கைபேசியில் திறந்து கொடுக்க வேண்டும். இறுவட்டென்றால் தானே போட்டுக்கொள்வார். ஆகவே டென்மார்க்கில் எடுக்கும் அரங்கேற்றமும் பிறந்தநாளும் 720×576 என்ற பழைய அளவுக்குள் இறங்கியே ஆக வேண்டும். முழு எச்டி பிரேமின் புள்ளிகளில் ஐந்தில் ஒரு பங்குதான் அதில் மிஞ்சும். அதை எவ்வளவு நேர்த்தியாக மிச்சம் பிடிப்பது என்பதில்தான் மென்பொருளின் திறமை இருக்கிறது.

நான் பயன்படுத்துவது இரண்டு இலவச மென்பொருள்கள்: சுருக்குவதற்கு எஃப்எஃப்எம்பெக், மெனு அமைத்து வட்டில் எழுத டிவிடிஸ்டைலர். பலர் பரிந்துரைக்கும் ஹேண்ட்பிரேக் டிவிடி உருவாக்காது.

சோதனைக்கு ஏற்ற இடம் எங்கள் ஊரிலேயே உண்டு: 1996இல் திறக்கப்பட்ட ரண்டர்ஸ் மழைக்காடு என்ற விலங்குப் பூங்கா. குவிமாடங்களுக்குள் நெருங்கிய இலைகள், மெல்லிய சட்டங்கள், திடீரெனத் தாவும் குரங்குகள். 1080ஐ முறையில் எடுத்த காட்சியை எஃப்எஃப்எம்பெக்கின் ஆயத்த பால்-டிவிடி அமைப்பில் அப்படியே ஓடவிட்டேன். அசையாத இலை பரவாயில்லை. குரங்கு தாவியதும் அதன் விளிம்பு சீப்புப் பல்லாகி, இரட்டை நிழல் விழுந்தது. காரணம் இதுதான்: 1080ஐ பிரேம் ஒவ்வொன்றிலும் நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு இடைவெளியில் பிடித்த இரண்டு ஃபீல்டுகள் ஒன்றுவிட்ட வரிகளாகக் கோத்திருக்கும் (இன்டர்லேஸ்). பிரிக்காமல் 1080 வரியை 576 ஆக்கினால் இரண்டு கணங்களும் ஒன்றில் ஒன்று கரைந்துவிடும்.

பிடபிள்யூடிஐஎஃப் வடிகட்டியால் முதலில் நொடிக்கு 50 முழுப் பிரேம்களாகப் பிரித்து, லாங்சோஸ் முறையில் சுருக்கி, மறுபடி இன்டர்லேஸ் செய்தபோது குரங்கு வழுக்கிக்கொண்டு ஓடியது. சட்டங்களின் மினுமினுப்பும் அடங்கியது. நேரம் அதிகம் பிடிக்கும். ஆனால் நடனக் காட்சிக்கு இந்தப் படியைத் தாண்டிப்போகவே கூடாது. முத்திரை பிடிக்கும் விரல்கள் அதில்தான் பிழைக்கின்றன. எச்டியின் 709 நிறமுறையை 601க்கு மாற்றவும் எஃப்எஃப்எம்பெக்கிடம் சொல்லுங்கள். மாற்றாவிட்டால் பட்டின் சிவப்பு சற்று இருண்டு, பச்சை தூக்கலாகும்.

மூன்று மணி நேர அரங்கேற்றத்தை 4.7 ஜிபி வட்டில் திணித்தால் ஒலியும் சேர்ந்து நொடிக்குச் சுமார் 3.5 மெகாபிட்தான் கிடைக்கும். ஜதி வேகமெடுக்கும்போது படம் கட்டம் கட்டமாக உடையும். 8.5 ஜிபி இரட்டை அடுக்கு வட்டில் 6 மெகாபிட்டுக்கு மேல் வரும். இல்லையேல் இரண்டு வட்டாகப் பிரியுங்கள்.

டிவிடிஸ்டைலரின் மெனு வடிவங்கள் பழசு. ஆனால் தயாரான எம்பெக்-2 கோப்பை மறுபடி சுருக்காமல் அப்படியே ஏற்றுக்கொள்கிறது. அது போதும்.

இலங்கையும் இந்தியாவும் டென்மார்க்கைப் போலவே பால் தொலைக்காட்சி முறை நாடுகள், தொல்லையில்லை. கனடா உறவினர்களின் பிளேயர்கள் என்டிஎஸ்சி. பால் வட்டைப் பல பிளேயர்கள் ஏற்காது. அவர்களுக்கு மூல எச்டி கோப்பையே யூஎஸ்பியில் போட்டு அனுப்புகிறேன்.