சுழலும் வட்டு

உபுண்டு 8.04 இயங்குதளத்தின் ஐஎஸ்ஓ கோப்பை வெற்று சிடியில் ஏற்றுவதில் ஒரு கைப்பழக்கம் உண்டு. கோப்பை அப்படியே இழுத்துப் போட்டால் அது சும்மா கிடக்கும்; கணினி அதிலிருந்து எழாது. படிமமாகத்தான் எழுத வேண்டும். பொறுமைசாலிகள் முதலில் எம்டி5 எண்ணைச் சரிபார்ப்பார்கள், வேகத்தையும் குறைத்து வைப்பார்கள். டிரைவ் சற்று முனகிவிட்டு, சீரான ரீங்காரத்துக்கு வரும். அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்கும்.

வெளியே வரும் வட்டில் இளஞ்சூடு இருக்கும். வெளிச்சத்தில் சாய்த்தால், நடுவிலிருந்து விளிம்பு நோக்கி எழுதிய பகுதி மட்டும் நிறம் மாறித் தெரியும். 700 எம்பியில் எவ்வளவு நிரம்பியது என்று கண்ணாலேயே அளக்கலாம். பென்டிரைவில் இது நடக்குமா? வட்டின் மேல் பெயரை மெத்தென்ற மார்க்கரால்தான் எழுத வேண்டும். பால்பாயின்ட் பேனா ஆகாது. தரவு இருப்பது அந்த மேல்பூச்சுக்கு அடியிலேயே.