ஊர் அளவுகோல்

ஆபாசத்துக்குத் தேசம் முழுவதற்கும் ஒரே அளவுகோல் வேண்டியதில்லை, ஜூரிகள் தங்கள் சமூகத்தின் அளவுகோலைக் கொண்டே தீர்மானிக்கலாம் என்று அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு 1973-ல் சொல்லிற்று. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஜார்ஜியாவிலே ஆல்பனி என்ற ஊரில் 'கார்னல் நாலெட்ஜ்' படத்தைக் காட்டிய கொட்டகை மானேஜரை, 1972-லேயே ஜூரிகள் குற்றவாளி என்றுவிட்டார்கள். அபராதம் 750 டாலர். 1974-ல் சுப்ரீம் கோர்ட்டு நீதிபதிகள் படத்தைத் தாங்களே பார்த்தார்கள். படுக்கைக் காட்சி உண்டு. காமிரா உடம்புகளின் மேல் நிற்கவில்லை. ஆபாசமில்லை என்று ஒருமனதாக விடுவித்தார்கள்.

அப்படியானால் ஊர் அளவுகோல் எங்கே போயிற்று? சொல்லாமல் உணர்த்துவதுதானே என்னைப் போன்ற கதைக்காரர்களின் பிழைப்பு! அதையே ஓர் ஊர் குற்றமென்றது. டில்லி வரை, வாஷிங்டன் வரை வழக்காட எத்தனை கொட்டகைக்காரரிடம் பணமிருக்கும்?