காற்றிறங்கிய டயரும் 22 விநாடிகளும்

2021 ஜூலை 27. டோக்கியோவின் ஒடைபா கடற்கரைப் பூங்காவில் விடிகாலை மழை கொட்டியதால் ஒலிம்பிக் பெண்கள் டிரையத்லான் 15 நிமிடம் தாமதமாகவே தொடங்கியது. நீந்தி முடித்து சைக்கிளில் ஏறியபோதும் சாலை காயவில்லை. வழுக்கி விழுந்தவர்கள் பலர். பிரிட்டனின் ஜார்ஜியா டெய்லர்-பிரவுன் விழாமல் தப்பி, முன்னணிக் கூட்டத்திலேயே வந்துகொண்டிருந்தார். சைக்கிள் பந்தயத்தின் கடைசிச் சுற்றில் அவருடைய டயர் பஞ்சரானது.

டிரையத்லானில் பஞ்சருக்கென்று ஓர் ஏற்பாடு உண்டு. வழியில் மாற்றுச் சக்கரங்கள் வைத்திருப்பார்கள். ஆனால் அங்கே நின்று, இறங்கி, சக்கரத்தைக் கழற்றி மாட்டும் வேலை முழுவதையும் போட்டியாளரே தன் கையால் செய்ய வேண்டும். ஒலிம்பிக்கில் ஒருவர் பின் ஒருவராக ஒட்டி ஓட்டி, காற்றின் எதிர்ப்பைப் பகிர்ந்துகொள்ள அனுமதி இருப்பதால், கூட்டத்தை விட்டுப் பிரிந்தவருக்கு இழப்பு இரட்டிப்பு. முன்னே போகிறவர்கள் ஆளுக்கு ஆள் மறைவு கொடுத்துப் பறப்பார்கள். பின்தங்கியவர் தனியாளாக மிதிக்க வேண்டும்.

டெய்லர்-பிரவுன் நிற்கவில்லை. காற்றிறங்கிய டயரிலேயே மிதித்து, சைக்கிளை நிறுத்திவிட்டு ஓட்டத்துக்கு மாறும் இடம் வரை வந்து சேர்ந்தார். ஈரச் சாலையில், திருப்பங்களில், அந்த டயரோடு ஓட்டுவதில் விழும் அபாயம் அதிகம். அதை அறிந்தே செய்த முடிவு அது. 10 கிலோமீட்டர் ஓட்டத்தைத் தொடங்கும்போது முன்னணியிலிருந்து 22 விநாடி பின்னால் இருந்தார்.

அங்கிருந்து ஒவ்வொருவராகப் பிடித்தார். கடைசியாக அமெரிக்காவின் கேட்டி ஸஃபெரஸையும் தாண்டி, 1 மணி 56 நிமிடம் 50 விநாடியில் வெள்ளி வென்றார். ஸஃபெரஸ் 13 விநாடி பின்னால் வந்து வெண்கலம் பெற்றார். அவர் தன் தந்தையை இழந்து சில மாதங்களே ஆகியிருந்தன.

இந்த எண்களைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். தங்கம் வென்ற பெர்முடாவின் ஃபுளோரா டஃபி 1 மணி 55 நிமிடம் 36 விநாடியில் முடித்தார். இடைவெளி 74 விநாடி. பஞ்சரில் போன 22 விநாடியைத் திருப்பிக் கொடுத்தாலும் தங்கம் எட்டாத தூரத்தில்தான் இருந்தது. வெள்ளிக்கும் வெண்கலத்துக்கும் நடுவில் இருந்ததோ 13 விநாடிதான். சக்கரம் மாற்ற நின்றிருந்தால் அந்த 13 விநாடி மிஞ்சியிருக்குமா? டெய்லர்-பிரவுனின் மனஉறுதியை எல்லோரும் புகழ்ந்தார்கள். அதற்கு இணையாகப் புகழ வேண்டியது, நாடித்துடிப்பு உச்சத்தில் இருந்த நொடியிலும் எந்த இழப்பைத் தாங்கலாம், எதைத் தாங்க முடியாது என்று அவர் சரியாகக் கணக்குப் போட்டதை.

அந்த இடம் அவருக்குப் புதிதும் அல்ல. 2019 ஆகஸ்டில் இதே ஒடைபாவில் ஒலிம்பிக் ஒத்திகைப் போட்டி நடந்தது. கடும் வெப்பத்தால் ஓட்டம் 5 கிலோமீட்டராகக் குறைக்கப்பட்டது. டெய்லர்-பிரவுனும் சக நாட்டவரான ஜெஸ் லியர்மந்தும் கைகோத்தபடி முதலாவதாகக் கோட்டைத் தாண்டினார்கள். வேண்டுமென்றே சமமாக முடிப்பது விதிமீறல் என்று இருவருமே தகுதிநீக்கம் செய்யப்பட்டார்கள். முதலிடம் மூன்றாவதாக வந்தவருக்குப் போனது. அவர்தான் ஃபுளோரா டஃபி.

டஃபிக்கு அன்று கிடைத்ததை அதிர்ஷ்டம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில், 20 வயதில், அவர் பந்தயத்தை முடிக்கவே இல்லை. அதன்பின் சில காலம் விளையாட்டை விட்டே விலகியிருந்தார். திரும்பி வந்து 2012 லண்டனில் சைக்கிளிலிருந்து விழுந்து 45ஆம் இடம். 2016 ரியோவில் 8ஆம் இடம். அதே ஆண்டிலும் அடுத்த ஆண்டிலும் உலகச் சாம்பியன். உச்சத்தில் இருந்தபோதுதான் பாதத்தில் காயம் பட்டு நெடுநாள் போட்டிகளை இழந்தார். ஒடைபா ஒத்திகைக்கு வந்தது அந்த இடைவெளிக்குப் பிறகு. அதனால்தான் 2021இன் தங்கத்தை ஒரு காலைப்பொழுதின் வெற்றியாக மட்டும் எழுத முடியவில்லை. அதன் பின்னால் 13 ஆண்டுகள் இருக்கின்றன. 1976இல் குத்துச்சண்டையில் ஒரு வெண்கலம் தவிர அதுவரை எந்த ஒலிம்பிக் பதக்கமும் காணாத பெர்முடாவுக்கு அது முதல் தங்கம்.

டஃபி தங்கம் வென்ற அன்று ஒடைபாவில் இன்னொரு காட்சியும் நடந்தது. முடித்தவர்களில் கடைசியாக, 34ஆவதாக, பெல்ஜியத்தின் கிளேர் மிஷெல் வந்தார். டஃபி முடித்து ஏறக்குறைய 15 நிமிடம் ஆகியிருந்தது. அதற்குள் ஏறக்குறைய இருபது பேர் விலகியோ, ஒரு சுற்றுப் பின்தங்கி வெளியேற்றப்பட்டோ போயிருந்தார்கள். மிஷெல் தரையில் உட்கார்ந்து அழுதார். 24ஆம் இடம் பெற்றிருந்த நார்வேயின் லோட்டே மில்லர் அவரருகே வந்து, தோளை அணைத்துத் தேற்றினார். பதக்கப் பட்டியலில் இருவர் பெயரும் இல்லை. ஆனாலும் அந்தப் பந்தயத்தைச் சொல்லும்போது இருவரையும் விட்டுவிட மனம் வரவில்லை.

நான்கு நாள் கழித்து, ஜூலை 31 அன்று, ஒலிம்பிக்கில் முதன்முறையாக, பெண்களும் ஆண்களும் மாறி மாறி இறங்கும் கலப்புத் தொடர் டிரையத்லான் அதே இடத்தில் நடந்தது. பிரிட்டனுக்காக முதலில் இறங்கியவர் லியர்மந்த். அடுத்து, லண்டனில் 15 விநாடி தண்டனையோடு வெண்கலமும் ரியோவில் வெள்ளியும் வென்று, மூன்றாவது ஒலிம்பிக்குக்கு வந்திருந்த ஜானி பிரவுன்லீ. மூன்றாவதாக டெய்லர்-பிரவுன் ஓடி முடித்து அலெக்ஸ் யீயின் கையைத் தட்டி அனுப்பினார். தங்கத்துக்கான கோட்டை யீ தனியாகத் தாண்டினார். ஒத்திகையில் கைகோத்து வந்து எல்லாவற்றையும் இழந்த இருவரும் அதே ஒடைபாவில், ஒரே பதக்க மேடையில், சேர்ந்தே ஏறி நின்றார்கள்.