ஒரு புல்வெளியும் இரு நினைவு நூல்களும்

விளையாட்டைப் பற்றிய நூல்களைத் திறனாய்வுக்குரிய பொருளாக நம்மவர் கருதுவதில்லை. கோல்ப் என்றாலோ கேட்க வேண்டியதில்லை. 1889ஆம் ஆண்டு முதல் நுவரெலியாவில் துரைமார் ஆடிவந்த ஆட்டம் என்ற அளவிலேயே நம்மிற் பலர் அதனை அறிவர். ஆயினும், ஒரு வர்க்கம் தன் ஓய்வு நேரத்தைப் பற்றி எழுதும்போதுதான் தன்னை மறந்து உண்மையைச் சொல்லிவிடுகின்றது. ஹொரேஸ் ஹட்சின்ஸன் 1919இல் வெளியிட்ட ‘ஐம்பது ஆண்டுக் கோல்ப்’ என்னும் நூலையும், ஜே. எச். ரெய்லர் 1943இல் வெளியிட்ட ‘கோல்ப்: என் வாழ்நாட் பணி’ என்னும் நூலையும் அடுத்தடுத்துப் படித்தபோது நாம் உணர்ந்தது இதுவே.

இருவரும் ஆடப் பழகிய மண் ஒன்றே. இங்கிலாந்தின் தென்மேற்கே, டெவன் கடற்கரையில், நோர்தம் என்னும் ஊரை அடுத்துப் பரந்த பொது மேய்ச்சல் நிலம் ஒன்றுண்டு. ஊராரின் ஆடுகளும் குதிரைகளும் மேய்வதற்குரிமை பெற்ற அந்நிலத்தில் 1864இல் கனவான்கள் கோல்ப் கழகம் ஒன்றை நிறுவினர். ஹட்சின்ஸன் ஒரு படைத்தளபதியின் மைந்தர். பின்னர் ஒக்ஸ்போர்டிற் கற்றவர். பதினாறு வயதிலேயே கழகத்தின் பதக்கத்தை வென்றார். பதக்கம் வென்றவரே கப்டன் என்பது அன்றைய விதியாதலின், நரைத்த தலையினர் கூடிய கூட்டத்துக்கு அச்சிறுவரே தலைமை தாங்க வேண்டியதாயிற்று. பின்னர் அவ்விதி மாற்றப்பட்டது. ரெய்லர் 1871இல் நோர்தமில் ஓர் ஏழைக் குடும்பத்திற் பிறந்தவர். பதினொரு வயதிற் பள்ளியை விட்டு, ஹட்சின்ஸன் குடும்பத்தாரின் இல்லத்திலேயே சப்பாத்துத் துடைக்கும் எடுபிடிப் பையனாக வேலைக்கமர்ந்தார். புல்வெளியிற் கனவான்களின் மட்டைப் பையையும் சுமந்தார். படையிற் சேர முயன்றார். தட்டைப் பாதமும் பார்வைக் குறையும் தடையாயின. 

ஹட்சின்ஸனின் உரைநடை இனிமையானது என்பதை மறுப்பதற்கில்லை. 1886, 1887 ஆகிய ஈராண்டுகளிலும் அமெச்சூர் வாகையர் பட்டம் வென்ற அவர், வெற்றியைப் பறைசாற்றாமல், உடன் ஆடியோரை நினைந்து நெகிழ்கின்றார். ஆட்டம் முடிந்தபின் எஞ்சுவது நட்பே என்னும் உணர்வு நூல் முழுவதும் இழையோடுகின்றது. அந்நட்பு பொய்யன்று. ஆயின், அதன் வட்டத்துக்குள் வரத் தகுதியுடையோர் எவர் என்பதை வகுத்தது எது?

இதற்கு விடைகாண 1885ஆம் ஆண்டுக்குச் செல்ல வேண்டும். ஹொய்லேக்கில் அமெச்சூர்களுக்கான பெரும்போட்டி முதன்முறை நடந்தபோது, டக்ளஸ் ரோலண்ட் என்ற ஸ்கொட்லாந்துக் கல்தச்சர் ஆட விண்ணப்பித்தார். முந்திய ஆண்டு திறந்த போட்டியில் இரண்டாமிடம் பெற்றுப் பணப் பரிசு வாங்கியவர் என்று கூறி அவரை மறுத்தனர். ஹொய்லேக்கில் விடுதி நடத்தியவரின் மகனான ஜோன் போலும் 1878இல் சிறுவனாக இருந்தபோது அதே திறந்த போட்டியிற் சிறுதொகை பெற்றவரே. அவரை அனுமதித்தனர்! சிறுவன் பெற்ற காசு, பழைய காசு என்று சமாதானம் கூறலாம். ஆயினும், கூலிக்குக் கல் செதுக்கும் கை வாங்கிய பணம் மட்டும் கறையாகிவிட்டதன் விந்தையை நாம் கவனியாமலிருக்க முடியாது. ‘அமெச்சூர்’ என்னும் சொல் அன்பின் அடியாகப் பிறந்ததென்பர் மொழிநூலார். அவ்வன்புக்கும் வேலி இருந்தது.

1890இல் பட்மிண்டன் நூல் வரிசைக்காக ஹட்சின்ஸன் எழுதிய பகுதி இன்னும் வெளிப்படையானது. தொழில்முறை ஆட்டக்காரனை அவர் பொறுப்பற்ற ஊதாரியாகச் சித்திரிக்கின்றார். பகலிற் சம்பாதித்ததை இரவிற் குடித்தழிப்பவன் என்கின்றார். பருவத்துக்குப் பருவம் கிடைக்கும் கூலியில், நாளை என்ற உறுதியின்றி வாழ்பவன் எவ்வாறு சேமிப்பான் என்ற கேள்வி அவருக்கு எழவில்லை. இத்தகைய வருணனைகள் நமக்குப் புதியனவல்ல. உழைப்பவனைச் சோம்பேறியென்றும் குடிகாரனென்றும் வருணிக்கும் வழக்கம் எல்லா நாட்டுத் துரைமாருக்கும் பொதுச் சொத்து.

நான்கே ஆண்டுகளில், 1894இல், சான்ட்விச்சில் நடந்த திறந்த போட்டியில் ரெய்லர் வாகை சூடினார். இங்கிலாந்து மண்ணில் அப்போட்டி நடந்தது அதுவே முதன்முறை. வென்ற முதல் ஆங்கிலத் தொழில்முறை ஆட்டக்காரரும் அவரே. மொத்தம் ஐந்து முறை அப்பட்டம் அவருக்குக் கிட்டியது. ஆனால் நாம் பெரிதென மதிப்பது அதனையன்று. மட்டையும் பந்தும் விற்கும் உரிமையைத் தத்தம் ஊழியராகிய ஆட்டக்காரரிடமிருந்து பறித்து, ஏலத்தில் விடக் கழகங்கள் தலைப்பட்ட காலத்தில், 1901இல் தொழில்முறை ஆட்டக்காரர் சங்கத்தை உருவாக்க முன்னின்றவர் அவர். உழவன் மகனாகப் பிறந்து தச்சுவேலை பழகிய ஜேம்ஸ் பிரெயிட் அதன் முதற் கப்டன். 1921இல் உழைப்பாளர் கோல்ப் கழகங்களின் கூட்டமைப்புக்கும் ரெய்லர் தூண்டுகோலாயினார். இவையும் நட்புகளே. ஆனால் இவை வேலை தேடித் தந்தன. நலிந்தோர்க்கு உதவி வழங்கின.

ரெய்லரின் நூலிற் குறைகள் இல்லாமலில்லை. கனவான்களின் நடையைப் பின்பற்ற முயன்ற இடங்களில் அவருடைய வசனம் விறைத்துக்கொள்கின்றது. தமக்கு உதவிய மேலோரிடம் காட்டும் நன்றி சில பக்கங்களில் அளவு கடந்தது. கோபப்பட வேண்டிய இடத்திலும் அவர் பணிவுடன் விலகிச் செல்கின்றார். சங்கம் அமைத்த கையே இவ்வளவு அடக்கமாக எழுதியதேன் என்று நாம் சற்றுச் சலிப்படைந்ததும் உண்டு. ஆனால் தாம் செய்த வேலைகளைக் கூறுமிடத்து அந்நடை இயல்பாகிவிடுகின்றது. ஹட்சின்ஸன் தரும் வரலாற்றிற் புல்வெளி தானாகவே வெட்டப்பட்டுக் கிடப்பதுபோல் தோன்றும். ரெய்லர் அதனை வெட்டியவர்களுள் ஒருவர்.

1957இல், தம் எண்பத்தாறாம் வயதில், அந்த நோர்தம் கழகத்துக்கே ரெய்லர் தலைவரானார். ஹட்சின்ஸன் 1932இலேயே காலமாகிவிட்டார். ஒருவர் பதினாறு வயதில் அமர்ந்த கூட்டத் தலைமைக்கு மற்றவர் வந்து சேர்வதற்கு எழுபத்தைந்தாண்டு உழைப்பு வேண்டியிருந்தது.