கனத்த குண்டும் கண்டி மலையும்

1845இல் சாமுவேல் பேக்கர் இலங்கைக்கு வேட்டையாட வந்தபோது அவரிடம் பிரிஸ்டல் நகரத்து கிப்ஸ் செய்துகொடுத்த ரைஃபிள் ஒன்று இருந்தது. எடை 21 இறாத்தல், குழல் 36 அங்குலம். ஒரு வெடிக்கு 16 டிராம், அதாவது ஏறக்குறைய 28 கிராம் கரிமருந்து. குண்டு மட்டும் 3 அவுன்ஸ். கண்டி வழியாக மலைநாட்டுக்கு ஏறிய மற்ற வெள்ளைக்கார வேட்டைக்காரர்கள் பெரும்பாலும் வரிப்பள்ளம் இல்லாத இலேசான துவக்குகளையே நம்பியிருந்த காலம் அது.

பேக்கரின் கணக்கில் நியாயம் உண்டு. கரிமருந்தால் குண்டின் வேகத்தை ஓரளவுக்கு மேல் கூட்ட முடியாது. தாக்கத்தைக் கூட்ட வேண்டுமானால் எடையைத்தான் கூட்ட வேண்டும். மலைக்காட்டின் அடர்த்தியில் யானை சில அடி தூரத்தில்தான் கண்ணில் படும். அங்கே அரைகுறையாகக் காயப்பட்ட மிருகம் சுட்டவனையும் கொல்லும், தானும் பல நாள் வேதனைப்பட்டே சாகும். ஒரே வெடியில் விழுத்த வேண்டும் என்ற எண்ணத்தில் அந்த அளவுக்கு இரக்கமும் இருந்தது.

குறை எங்கே என்றால், அந்தக் கனத்தைச் சுமந்து மலையேறியவர்கள் வேறு ஆட்கள். ஒரு வெடி தீர்ந்ததும் அடுத்த துவக்கை நீட்டுவதற்காக, யானை பாய்ந்து வரும்போதும் எசமானின் முதுகுக்குப் பின்னால் அசையாமல் நின்றவர்கள் அவர்கள். அந்தத் துணிவை வேட்டைப் புகழில் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. எனக்கு இது பெரிய அநீதியாகவே படுகிறது.

இன்னொன்று, துவக்கு பெரிதானால்தான் யானை விழும் என்பதும் இல்லை. பேக்கரின் கனத்த ரைஃபிள் இலங்கைக்கு வந்த அதே 1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்த மேஜர் ரோஜர்ஸ் 1,400 யானைகளுக்கு மேல் சுட்டதாகச் சொல்லப்படுகிறது. அரசாங்கமே தலைக்குச் சில ஷில்லிங் வெகுமதி கொடுத்தது. 1848க்கு முந்திய மூன்று ஆண்டுகளுக்குள் வடமாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500 யானைகளுக்கு அந்தப் பணம் கோரப்பட்டதாக எமர்சன் டெனன்ட் எழுதியிருக்கிறார்.

வெளிநாட்டு வேட்டைக்குத் தோட்டா தேர்கிறவர் கவனிக்க வேண்டிய பாடம் பேக்கரின் பிற்கால அனுபவத்தில் இருக்கிறது. இலங்கையில் அவருக்குக் கைகொடுத்தது நெற்றி வெடி. ஆபிரிக்காவுக்குப் போனபின் அதே நெற்றி வெடி அவரை ஏமாற்றியது. அங்குள்ள யானையின் மண்டையோட்டு அமைப்பே வேறு. அதற்குப் பரிகாரம்போல அரை இறாத்தல் குண்டு எறியும் இன்னொரு துவக்கையும் வைத்திருந்தார். அதன் உதைப்பு ஆளையே சுழற்றிவிடும் என்பதால் அவரே அதை அரிதாகத்தான் வெடித்தார். வெடிக்கவே அஞ்சும் துவக்கால் என்ன பயன்?

நேர் எதிர்வழியில் போனவர் டபிள்யூ. டி. எம். பெல். யானையின் மண்டையோட்டை அறுத்துப் பார்த்து மூளை இருக்கும் இடத்தைப் படித்தார். 7 மில்லிமீற்றர் மௌசர் போன்ற சிறிய தோட்டாக்களால் ஆபிரிக்காவில் ஏறத்தாழ ஆயிரம் யானைகளை வீழ்த்தினார். தோட்டாவைவிட அறிவு பெரிது என்பதற்கு இது வலுவான சான்று. ஆனால் அந்தக் கைத்திறன் இல்லாதவர் அவரைப் பின்பற்றினால் வதைபடுவது மிருகந்தான். ஆகவே பெல்லின் வழியை எல்லோருக்கும் விதியாக்க முடியாது.

இரண்டுக்கும் நடுவில் நிற்பது 1912இல் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் வெளியிட்ட .375 தோட்டா. அதில் நிரப்பிய கோர்டைட் மருந்து வெப்ப நாடுகளில் அழுத்தம் கூடும் இயல்புடையது. வெடித்த கோது சிக்காமல் வெளிவருவதற்காகவே அதன் உடலைச் சாய்வாக வடிவமைத்தார்கள். ஒரே துவக்கோடு பயணம் போகிறவருக்கு இன்றும் இதுவே பொருத்தம் என்பது என் முடிவு. சில ஆபிரிக்க நாடுகள் ஆபத்தான மிருகங்களுக்கு .375ஐயே குறைந்தபட்ச அளவாக வைத்திருக்கின்றன. விமானங்களில் பொதுவாக 5 கிலோ தோட்டாவுக்கு மேல் ஏற்றவும் விடமாட்டார்கள். பொதி தொலைந்துபோனால் போன ஊரில் வாங்கக் கிடைப்பதும் பரவலாகப் புழங்கும் தோட்டாதான். மான் வகைகளுக்கு மட்டும் போகிறவருக்கு இதுவும் தேவையில்லை, .30-06 போதும்.

இலங்கையில் வன உயிரினங்களைப் பாதுகாக்கும் 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமும் அதன் திருத்தங்களும் வந்தபின் பொழுதுபோக்குக்காக யானையைச் சுடும் உரிமை எவருக்கும் இல்லை. அது சரியான முடிவு. சட்டம் அனுமதிக்கும் நாட்டுக்கு வேட்டைக்குப் போகிறவர்கள் முதலில் அங்குள்ள மிருகத்தின் உடலமைப்பைப் படியுங்கள்; பிறகு உங்கள் தோளுக்கு அடங்கும் துவக்கைத் தேர்ந்தெடுங்கள்; அதை நீங்களே சுமந்து நடங்கள்.