பரிதானமும் கொடுப்பவரின் பொறுப்பும்

ஊழல் தடுப்பு வழிகளை ஆராய 1962ஆம் ஆண்டில் க. சந்தானம் தலைமையில் இந்திய அரசு ஒரு குழுவை அமைத்தது. பொதுப்பணித் துறைக் கட்டுமானங்களில் நூற்றுக்கு 7 முதல் 11 வரை கையூட்டாகக் கொடுக்கப்படுவதாகச் சாட்சிகள் கூறியதை 1964இல் அதன் அறிக்கை பதிவு செய்தது. கொடுக்க விருப்பமும் வசதியும் உள்ளவர் இன்றி ஊழல் இல்லை என்பதையும் அது வற்புறுத்திற்று.

இத்தெளிவு நம் பிரசங்கங்களில் அரிது. யாத்திராகமம் 23:8, உபாகமம் 16:19 ஆகியவற்றைக் கொண்டு வாங்குபவரைக் கண்டிக்கிறோம். அப்பகுதிகள் நியாயம் தீர்ப்போரை நோக்கியவையாதலால் அது முறையே. ஆனால் கொடுப்பவர், ‘வேறு வழியற்றவர்’ என்னும் பரிவில் தப்பிவிடுகிறார். நீதிமொழிகள் 17:8 பரிதானத்தின் பயனை அதை உடையவரின் கண்கொண்டு காட்டுகிறது. அதனை அனுமதியாகக் கொள்வோர், அதே அதிகாரத்தின் 23ஆம் வசனத்தையும் சேர்த்து வாசித்தல் வேண்டும்.

கொடுப்பவர் அனைவரும் ஒரு தரத்தினர் அல்லர். முடித்த பணிக்குரிய தொகையைப் பெறக் கொடுப்பவர் நெருக்கப்பட்டவர். ஒப்பந்தத்தையே தமதாக்கக் கொடுப்பவர் பிறர் வாய்ப்பைப் பறிப்பவர். எனினும் இருவர் கொடுத்ததும் ஜல்லியின் கனத்திலோ சிமெண்டின் அளவிலோ ஈடுசெய்யப்படும் அபாயம் உண்டு. 2018 நவம்பரில் கஜா புயலால் சிதைந்த புதுக்கோட்டை மாவட்டத்தில், கறம்பக்குடி போன்ற ஊர்களுக்கு உறுதியான சாலையும் கண்மாய்க் கரையும் வாழ்வாதாரம். கரை உடைந்தால் பயிரை இழப்பவர் அப்பேரத்தில் பங்கில்லாத உழவரே.

1988ஆம் ஆண்டின் ஊழல் தடுப்புச் சட்டம் 2018இல் திருத்தப்பட்டபின், கொடுப்பதும் நேரடிக் குற்றமாயிற்று. வற்புறுத்தலால் கொடுத்தவர் 7 நாட்களுக்குள் அதிகாரிகளிடம் அறிவித்தால் அக்குற்றத்திற்கு உட்படார். சட்டம் வழி திறந்திருக்கிறது. அதில் தனியே நடப்பவருக்கோ அடுத்த ஒப்பந்தமும் பிழைப்பும் ஐயமாகின்றன.

பவுல் பணம் கொடுப்பார் என்று பேலிக்ஸ் எதிர்பார்த்தான் (அப்போஸ்தலர் 24:26). ஈராண்டு கடந்தும் பவுல் காவலிலேயே இருந்தார். நேர்மைக்கு விலை உண்டென்பதை அப்பகுதி மறைக்கவில்லை. ஆனால் அவருடைய மனிதர் அவரிடம் வந்து உதவ இடமிருந்தது என்பதையும் 23ஆம் வசனம் குறிக்கிறது. ஒப்பந்தத்தை இழந்துவிட்டு ஆலயத்திற்கு வரும் சகோதரரை விசாரிக்க ஒருவருமில்லையெனில், ‘கொடாதே’ என்று போதிக்க நமக்கு என்ன உரிமை? கொடுத்துச் செழித்தவரின் நன்கொடையை மட்டும் திருச்சபை வாழ்த்தி ஏற்குமானால், நம் பிரசங்கத்தை நம் காணிக்கைத் தட்டே மறுத்துரைக்கும்.