மும்மாரியும் நவரசமும்

கதிரவெளியில் ஒரு முழு இரவு இருந்து நான் கூத்துப் பார்த்தது 2010 இல். வாழைச்சேனையிலிருந்து திருகோணமலை வீதியால் வடக்கே போய் வாகரையையும் தாண்டினால் அந்த ஊர் வரும். ஓட்டமாவடிக்காரனான எனக்கு அது அந்நிய ஊரல்ல. நெல்லும் தேனும் வாங்க வாப்பா அங்கு போய்வந்த காலமொன்று இருந்தது. இடையில் இருபது வருடங்கள் போக முடியாமற் போயிற்று. ஏன் என்பது இவ்விதழின் வாசகர்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

2006 நவம்பர் 8 ஆந் திகதி, அவ்வூர் விக்னேஸ்வரா வித்தியாலயத்தில் ஒதுங்கியிருந்த அகதிச் சனங்களின் மேல் இராணுவத்தின் ஷெல்கள் விழுந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். 2007 ஜனவரியில் வாகரை இராணுவத்தின் வசமாயிற்று. நான் போனபோது சனங்கள் திரும்பி வந்து சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. கோயில் வெளியில் வட்டக்களரி போட்டிருந்தார்கள். அரசன் கொலுவிருந்து மந்திரியிடம் கேட்கும் அந்தப் பழைய கேள்வி வந்தது: நம் நாட்டில் மாதம் மும்மாரி பொழிகிறதா? மந்திரி வாய் திறக்குமுன் கோமாளி குறுக்கே விழுந்தான்.

“மும்மாரி என்ன மகராசா, முந்நூறு மாரி பெஞ்சிச்சு. நிலத்திலதான் ஒரு பொட்டு ஈரமில்ல.”

ஒரு கணம் களரியைச் சுற்றிச் சத்தமில்லை. பிறகு சிரிப்பு. அரசனுக்கே சிரிப்பு அடங்கவில்லை. அதை மறைக்க அடுத்த கேள்விக்குத் தாவினார்: குடிகள் யாவரும் நலமா?

“நலம் மகராசா. அதுக்கெண்டே நலன்புரி நிலையம் கட்டி, சுத்திவரக் கம்பியும் அடிச்சிருக்கு.”

வேலியோரம் சீருடையில் நின்ற நாலைந்து பேரும் சிரித்தார்கள். அவர்களுக்குத் தமிழ் தெரியாது. எல்லோரும் சிரிக்கிறார்கள், அதனால் அவர்களும் சிரித்தார்கள். விடிந்தபின் அண்ணாவியாரிடம் கூத்துக் கொப்பியைக் கேட்டு வாங்கிப் புரட்டிப் பார்த்தேன். மும்மாரிக் கேள்வி இருந்தது. கோமாளியின் பதில் இல்லை.

தொல்காப்பியம் அங்கதத்தைச் செம்பொருள் என்றும் பழிகரப்பு என்றும் இரண்டாகப் பிரிக்கிறது. நேரே வைவது ஒன்று, பழியை ஒளித்துச் சொல்வது மற்றது. பாடசாலையில் நாம் இதனை மனப்பாடம் பண்ணி எழுதிப் புள்ளி வாங்கினோம். ஒளிப்பதற்கு என்ன தேவை என்பதை யாரும் கற்பித்ததில்லை. கேட்பவனுக்கு இரண்டாம் பொருள் பிடிபடவேண்டும், அதிகாரிக்குப் பிடிபடக்கூடாது. அன்றிரவு கோமாளிக்கு இரண்டும் வாய்த்தன. இன்னொன்றும் வாய்த்தது. ‘நலன்புரி நிலையம்’ அவன் கட்டிய சொல்லல்ல, 2009 இல் மெனிக் பாம் முட்கம்பிகளுக்குள் சனங்களை அடைத்த அரசு வைத்த பெயர். யுத்தத்துக்கு ‘மனிதாபிமான நடவடிக்கை’ என்று பெயரிட்டதும் அரசுதான். இத்தகைய சொற்களைக் குரல் மாறாமல் திருப்பிச் சொன்னாற் போதும், அங்கதம் தானாக விளைந்துவிடும். சர்வாதிகாரத்துக்குச் சிரிப்பின் மீது இருக்கும் கோபம் ஒருவகையில் தொழிற்போட்டி என்று எனக்குப் படுவதுண்டு.

தலைநகரில் சிங்களத்தில் எழுதியவர்களுக்கு அந்தக் கோமாளியின் பாதுகாப்பு இருக்கவில்லை. அவர்களுடைய மொழி ஆட்சியாளருக்கு நன்றாகவே விளங்கியது. ‘மே கவுத? மொனவத கரன்னே?’ (இவர் யார்? என்ன செய்கிறார்?) என்ற நாடகம் ஜனாதிபதி பிரேமதாசவைக் கேலி செய்வது என்று கொள்ளப்பட்டது. அதன் தயாரிப்பாளர் லக்ஷ்மன் பெரேரா 1990 ஜனவரியில் காணாமலாக்கப்பட்டார். அதனோடு பெயர் இணைத்துப் பேசப்பட்ட ஊடகவியலாளரும் நடிகருமான ரிச்சர்ட் டி சொய்சா பெப்ரவரி 18 இல் வீட்டிலிருந்து கடத்தப்பட்டார். அவருடைய உடல் மறுநாள் மொறட்டுவைக் கடலோரம் கிடைத்தது. நான் கதிரவெளியில் கூத்துப் பார்த்த அதே 2010 இல், ஜனவரி 24 அன்று, ஜனாதிபதித் தேர்தலுக்கு இரண்டு நாள் இருக்கையில், கேலிச்சித்திரக்காரர் பிரகீத் எக்னலிகொட காணாமற் போனார். புலிகளின் ஆட்சிப்புலத்தில் அண்ணாவியாரின் கோமாளி தலைவரைப்பற்றி இப்படியொரு வசனம் பேசியிருக்க முடியுமா என்று நான் கேட்கப் போவதில்லை. கவிஞரும் நாடகத்துறை மாணவியுமான செல்வியை 1991 ஆகஸ்டில் அவர்கள் கொண்டுபோனார்கள். அவர் திரும்பவில்லை. செல்வி எழுதியது கேலியுமல்ல.

துருக்கியில் 1946 இல் சபாஹத்தின் அலீயும் அஸீஸ் நெஸினும் ‘மார்க்கோ பாஷா’ என்ற நையாண்டிப் பத்திரிகையை ஆரம்பித்தார்கள். அரசு மூட மூட அவர்கள் வேறு பெயரில் திறந்தார்கள். அப்பெயர்களுள் ஒன்று ‘மெர்ஹூம் பாஷா’, நம் வழக்கில் மர்ஹூம் பாஷா. உலக அங்கத இலக்கியத்தில் மொழிபெயர்ப்பே வேண்டாமல் நம் வாப்பும்மாவுக்கும் விளங்கக்கூடிய பகிடி இதுவாகத்தான் இருக்கும். மௌத்தாகிப்போன பத்திரிகை தன் மௌத்தை அறிவித்துக்கொண்டே வெளிவருகிறது! ஆனால் சபாஹத்தின் அலீ 1948 இல் கொல்லப்பட்டார், நெஸின் பலமுறை சிறை சென்றார். பகிடி விளங்குகிற அரசிடம் நடப்பது இதுதான்.

பகிடி விளங்காத அரசிடம் நடப்பது வேறு. அஹ்னாப் ஜஸீமின் ‘நவரசம்’ கவிதைத் தொகுதி 2017 இல் வந்தது. மன்னார் சிலாவத்துறைப் பக்கத்து இளைஞர், புத்தளத்தில் தமிழாசிரியர். 2020 மே 16 இல் பயங்கரவாதத் தடைச்சட்டத்தின் கீழ் கைது செய்யப்பட்டார். 1979 இல் தற்காலிகமாக வந்து 1982 இல் நிரந்தரமான சட்டம் அது. ஒரு வருடத்துக்கும் மேலாகக் குற்றப்பத்திரமே இல்லாமல் அடைபட்டிருந்தார். 2021 டிசம்பரில் பிணை கிடைத்தது. 2023 டிசம்பரில்தான் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. நூல் தீவிரவாதத்தைப் பரப்புகிறது என்பது குற்றச்சாட்டு. தீவிரவாதத்தைக் கண்டிக்கும் கவிதைகள் அந்நூலிலேயே இருந்தன.

‘நவரசம்’ அங்கத நூல் அல்ல என்பது உண்மை. ஆனாலும் அங்கதத்துக்கு நேரக்கூடிய ஆபத்தின் முழு வடிவத்தையும் நான் அங்குதான் கண்டேன். கவிதையில் பேசும் குரல் கவிஞனின் வாக்குமூலமாக எடுக்கப்பட்டது. உருவகம் திட்டமாயிற்று, கோபம் அழைப்பாயிற்று. ஒன்பது ரசங்களுள் வீரம், ரௌத்திரம், பயங்கரம் மூன்று மட்டுமே விசாரணைக்கு வந்தன, ஹாஸ்யத்தை யாரும் தேடவில்லை. வேலியோரம் நின்ற அந்தச் சிப்பாயின் தமிழறியாமை 2010 இல் கோமாளியைக் காப்பாற்றியது. பத்து வருடம் கழித்து அதே அறியாமை மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து ஒரு கவிஞனை உள்ளே தள்ளியது. ஈஸ்டர் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு, விளங்காத தமிழ் முஸ்லிமின் கையில் இருந்தால் அது சந்தேகத்துக்குரிய தமிழ் என்றாயிற்று.

சிங்கள எழுத்தாளர் சக்திக சத்குமார ஒரு சிறுகதைக்காக 2019 ஏப்ரலில் கைதாகி நான்கு மாதத்துக்கு மேல் மறியலில் இருந்தார். நடாஷா எதிரிசூரிய மேடையில் செய்த பகிடிக்காக 2023 மே மாத இறுதியில் விமான நிலையத்தில் பிடிக்கப்பட்டு ஜூலையில் பிணையில் வந்தார். இருவர் மீதும் பாய்ந்தது 2007 இன் ஐ.சி.சி.பி.ஆர். சட்டம். குடியியல், அரசியல் உரிமைகளைக் காக்கவென்று செய்த சட்டம் அது. கதிரவெளிக் கோமாளி இதைக் கேட்டால் பதில் வசனம் யோசிக்கவேண்டியிருக்காது.

இனி நம் பக்கம். நமது சிறுகதைகளில் கேலி இல்லையென்று யாரும் சொல்ல முடியாது. லெப்பையும் மரைக்காரும் பள்ளி நிருவாகமும் நம் கதைகளில் படாத பாடு படுகிறார்கள். ஆனால் அந்தக் கேலி பெரும்பாலும் ஹவுளுக்கு அப்பால் போவதில்லை. அடுத்தடுத்த ஆட்சிகளில் அமைச்சர் பதவிக்காகக் கரை மாறியவர்களைப் பற்றி நம்மிடமுள்ள நல்ல அங்கதமெல்லாம் தேநீர்க் கடையில் இருக்கிறது, நூலில் இல்லை. கொப்பியில் இல்லாத கோமாளியின் வசனத்தைப் போலத்தான். கதையில் ஒரு பாத்திரம் பேசியதை எழுத்தாளன் பேசியதாகக் கொண்டு ஊர்விலக்குக் கேட்டவர்கள் நம்மிடையேயும் உண்டு. ‘நவரசம்’ வழக்கைக் கேட்டு நாம் கோபப்பட்டபோது இது எத்தனை பேருக்கு ஞாபகம் வந்தது?

என்னைப்பற்றியும் சொல்லியாக வேண்டும். மும்மாரி வசனத்தை வைத்து 2011 இல் ஒரு கதை எழுதினேன். அனுப்பிய இதழிலிருந்து அந்த இரண்டு வரிகளை மாத்திரம் எடுத்துவிடலாமா என்று கேட்டார்கள். நான் எடுத்துவிட்டேன். கதை வந்தது. அதில் அரசன் கேட்கிறான், மந்திரி பொழிகிறது என்கிறான், அவ்வளவுதான். 2019 மே மாதத்தில் வீட்டு அலுமாரியைச் சோதித்து, அரபெழுத்துள்ளவற்றோடு நல்ல தமிழ் நூல்கள் சிலவற்றையும் சாக்கில் கட்டிக் கிணற்றடியில் வைத்தேன். மழை நனைத்துவிட்டது.

அஹ்னாப் உள்ளே இருந்த காலத்தில் அந்தத் தொகுதியைப்பற்றி நான் ஒரு வரி எழுதவில்லை. கையெழுத்து வாங்க வந்தவர்களுக்குக் கையெழுத்து வைத்தேன், அது வேறு. விமர்சனம் எழுதுபவன் என்று என்னைச் சொல்லிக்கொள்கிறேன். இக்கவிதையில் பேசுபவன் யார், இந்த உருவகம் எங்கிருந்து வருகிறது, இந்த வரியின் தொனி என்ன என்று எழுதத் தெரிந்தவன். ஒரு கவிதை குற்றச்சாட்டாக நிற்கும்போது அந்த எழுத்து சாட்சியமாகும் என்பது எனக்குத் தோன்றாமல் இல்லை. தோன்றியது. பிள்ளைகளின் முகமும் தோன்றியது.

சென்ற வருடம் கதிரவெளி நண்பர் ஒருவர் சந்தைக்கு வந்தபோது கூத்தைப்பற்றி விசாரித்தேன். பழைய கோமாளி இப்போது ஆடுவதில்லையாம், முழங்கால் வருத்தம். புதுப் பொடியன் ஒருவன் ஆடுகிறான், நன்றாகவே ஆடுகிறான் என்றார். மும்மாரிக் கேள்வி வரும்போது அவன் என்ன சொல்கிறான் என்று கேட்டேன்.

“அவன் ஒண்டும் சொல்றல்ல காக்கா. கொப்பியில உள்ளத மந்திரி சொல்லுவார்.”